கண் மங்கி மூக்குத்தி துலங்கினால்: அகலத் துளை டெலி லென்ஸுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணை, லென்ஸ் பழுதாகிவிட்டது. கொழும்புக்கு அனுப்பப் போகிறேன்."

இப்படிச் சொல்லிக்கொண்டு, கலியாணப் படம் எடுக்கும் இளைஞர்கள் யாழ்ப்பாணத்தில் என் வீட்டு விறாந்தைக்கு அடிக்கடி வருகிறார்கள். கையில் பெரும்பாலும் 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 டெலி லென்ஸ், அதாவது தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் லென்ஸ், இருக்கும். (மில்லிமீற்றர் என்பது குவியத்தூரம். எஃப் எண் குறையக் குறைய ஒளி புகும் துளை அகலும்.) சிலரிடம் 135 எஃப் 2. விளையாட்டுப் படம் எடுக்கும் ஓரிருவரிடம் பழைய 300 எஃப் 2.8. லென்ஸை வாங்கிப் பார்த்து, அவர்கள் எடுத்த படங்களையும் பார்த்தால், பழுது உண்மையிலேயே லென்ஸுக்குள் இருப்பது அபூர்வம்.

நானும் ஒரு காலத்தில் அப்படி அனுப்பியவன்தான். 85 ஒன்றைப் பெட்டியில் கட்டி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்று கிழமை கழித்து "பழுது எதுவும் இல்லை" என்ற துண்டோடு திரும்பி வந்தது. அதற்குள் ஆவணி முகூர்த்தங்கள் இரண்டு கடந்துவிட்டன. அன்றுமுதல், அறிகுறியைக் கேட்டு முடிக்காமல் எந்த லென்ஸையும் பெட்டிக்குள் வைக்க நான் விடுவதில்லை.

இந்த வகை லென்ஸ்கள் ஏன் இவ்வளவு முறைப்பாட்டை வாங்குகின்றன? முழுச்சட்டக் கமெராவில் (ஒளியைப் பதியும் உணரி 35 மில்லிமீற்றர் பிலிம் அளவில் உள்ளது) 85 எஃப் 1.4ஐ முழுக்கத் திறந்து, 2 மீற்றரில் நிற்பவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ நாலரைச் சென்ரிமீற்றர். 135 எஃப் 2 என்றால் அதே தூரத்தில் இரண்டரைச் சென்ரிமீற்றர் சொச்சம். ஒரு முகத்தில் மூக்கு நுனியிலிருந்து காது வரை பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த சிறிய ஸூம் லென்ஸில் எஃப் 5.6இல் எடுத்துப் பழகிய கைக்கு இந்த மெல்லிய தகடு புதிது. அங்கே மறைந்துகிடந்த சிறு தவறுகள் எல்லாம் இங்கே வெளியே வந்துவிடும்.

ஆகவே முதல் வேலை, படத்தைக் கணினித் திரையில் 100 வீதத்துக்குப் பெரிதாக்குவது. கமெராவின் பின்திரையோ கைப்பேசியோ போதாது. பெரிதாக்கிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: படத்தில் எங்கேயாவது ஒரு இடம் கூர்மையாக இருக்கிறதா? இருந்தால் அது குவியப் பிழை: கூர்மை வேறிடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே இல்லாமல், எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆட்டம். நிற்பவை கூர்மையாகவும் அசைந்தவை மட்டும் மங்கலாகவும் இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. எந்தத் திசையும் இல்லாமல் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

மூக்குத்தி துலங்குகிறது, கண் மங்குகிறது

என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் இதுதான். மணப்பெண்ணின் முகம். நெற்றிச்சுட்டியின் கல் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக இருக்கிறது, மூக்குத்தி வெட்டு வெட்டாக மின்னுகிறது, ஆனால் இமை மயிர்கள் பஞ்சாகக் கரைந்திருக்கின்றன. மூக்குத்திக்கும் கண்ணுக்கும் இடையே ஆழத்தில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். 135 எஃப் 2க்கு அந்த வித்தியாசம் போதும்.

பார்வைத் துளை வழியாகக் குவிக்கும் தானியங்கிக் குவியம் பெரும்பாலும் முகத்தை அறியாது. தன் சதுரத்துக்குள் எது அதிகமாக வெட்டித் தெரிகிறதோ அதைப் பிடிக்கும். உள்ளே தளவாடி உள்ள டி.எஸ்.எல்.ஆர். கமெராக்களில் பார்வைத் துளையில் தெரியும் சதுரத்தைவிட உண்மையில் அது உணரும் பரப்புப் பெரிது. கண்ணில் வைத்தேன் என்று நீங்கள் நினைக்கும்போது, அந்தப் பரப்பின் ஓரத்தில் நெற்றிச்சுட்டியும் அகப்பட்டிருக்கும். கல்லும் பொன்னும் கண்ணைவிட வலிமையாக அழைக்கும். எனவே இருப்பதில் மிகச் சிறிய தனிப் புள்ளியைத் தெரிந்து, கண்ணின் நடுவில் வைக்காமல், கண்மை தீட்டிய கீழிமையில் வையுங்கள். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் அந்தக் கோடு, குவியத்துக்கு நல்ல பிடி. தளவாடி இல்லாத மிரர்லெஸ் கமெரா வைத்திருப்பவர்கள் கண் கண்டறிதலைப் போட்டு, கமெராவுக்கு அருகிலுள்ள கண்ணைப் பிடிக்கச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் பெண் தலை குனிந்து, முன்னால் தொங்கும் மல்லிகைச் சரம் கண்ணை மறைக்கும்போது அதுவும் ஏமாறும். அப்போது தனிப் புள்ளிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது காரணம் பழைய பழக்கம்: நடுப் புள்ளியால் கண்ணைப் பிடித்து, அரை அழுத்தத்தில் வைத்துக்கொண்டு, சட்டத்தைத் திருப்பி எடுப்பது. என் 85 கொழும்புக்குப் போய்வந்தது இதனால்தான். 2 மீற்றரில் 10 பாகை திருப்பினால் குவியத் தளம் கண்ணுக்கு 3 சென்ரிமீற்றர் பின்னால் போய்விடுகிறது. கூர்மையே மொத்தம் நாலரைச் சென்ரிமீற்றர் எனும்போது, கண் அதற்கு வெளியே நிற்கிறது. காது துலங்கும். சட்டத்தை முதலில் அமைத்துவிட்டு, கண் எங்கே விழுகிறதோ அங்கே உள்ள புள்ளியைத் தெரிவுசெய்ய விரலைப் பழக்குங்கள். ஒரு கிழமையில் கை பழகிவிடும்.

மூன்றாவது, ஆட்கள் அசைவது. ஓமத்துக்கு முன் இருக்கும் மணமக்கள் குனிந்தும் நிமிர்ந்தும்தான் இருப்பார்கள். நீங்களும் முழங்காலில் இருந்து முன்னும் பின்னும் ஆடுவீர்கள். ஒருமுறை பூட்டும் குவியத்தை விட்டு, ஆள் அசைய அசையப் பின்தொடரும் தொடர் குவியத்துக்கு மாறி, நாலைந்து படங்களை அடுத்தடுத்து எடுங்கள்.

மாப்பிள்ளை மங்கி மணப்பெண் மட்டும் துலங்கினால் அது பிழை அல்ல. இருவரும் ஒரே ஆழத்தில் இல்லை, அவ்வளவுதான். 3 மீற்றருக்குப் பின்வாங்கி எஃப் 4க்குத் துளையைக் குறைத்தால் 85இல் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழம் கிடைக்கும். தாலி கட்டும் தருணத்துக்கு நான் அதைத்தான் வைப்பேன். அகலத் துளைக்குக் காசு கொடுத்தோம் என்பதற்காக அந்த ஒரு நொடியில் எஃப் 1.4ஐப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும் பிழை. திரும்ப எடுக்க முடியாத படம் அது.

இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தும் கண் மங்கினால் மட்டும், கமெராவுக்கும் லென்ஸுக்கும் இடையிலான அளவீட்டைச் சோதியுங்கள். பகல் வெளிச்சத்தில், விறாந்தையில் செய்வது நல்லது. மஞ்சள் மின்குமிழின் கீழ் டி.எஸ்.எல்.ஆர். குவியம் சற்று விலகக்கூடும். மூன்று தீப்பெட்டிகளை மேசையில் நிறுத்துங்கள்: ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில், ஒன்றை ஒன்று மறைக்காமல் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி. கமெராவை முக்காலியில், குவியத்தூரத்தின் 25 மடங்கு தூரத்தில் வையுங்கள். 85க்கு இது 2 மீற்றர் சொச்சம். துளையை முழுக்கத் திறந்து, நடுப்பெட்டியின் எழுத்தில் குவித்து, பார்வைத் துளை வழியாகப் பத்துப் படங்கள் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் குவிய வளையத்தைக் கையால் கலைத்துவிட வேண்டும். பிறகு பின்திரை வழியாகக் குவித்து மூன்று படங்கள்.

பின்திரைப் படங்களில் நடுப்பெட்டி கூர்மையாகவும், பார்வைத் துளைப் படங்களில் எப்போதும் முன்பெட்டியே கூர்மையாகவும் இருந்தால், லென்ஸ் முன்னால் குவிக்கிறது. கமெராவின் நுண்திருத்தப் பட்டியலில் கூட்டல் பக்கம் நகர்த்துங்கள். பின்பெட்டி கூர்மை என்றால் கழித்தல் பக்கம். கெனனிலும் நிக்கோனிலும் அளவு கழித்தல் 20 முதல் கூட்டல் 20 வரை. ஐந்து ஐந்தாக நகர்த்திப் பார்த்து, பிறகு ஒன்றொன்றாக நெருங்குங்கள். கெனன் 60டி, நிக்கோனின் டி 3000, டி 5000 வரிசைகள் போன்ற கமெராக்களில் இந்த வசதி இல்லை. அங்கே பின்திரை வழியாகக் குவிப்பதே வழி.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பத்துப் படங்களில் நாலு முன்னாலும், மூன்று பின்னாலும், மூன்று சரியாகவும் விழுந்தால் அதை எந்த எண்ணாலும் திருத்த முடியாது. அது அளவீட்டுப் பிழை அல்ல, குவியம் தடுமாறுகிறது. வெளிச்சம் போதவில்லை, அல்லது குவித்த இடத்தில் பிடிப்பு இல்லை. அப்படிச் சிதறிய முடிவை வைத்துக்கொண்டு கூட்டல் 8, கழித்தல் 12 என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய நல்ல லென்ஸும் கெட்டுப்போனதுபோல் ஆகிவிடுகிறது.

படம் முழுவதும் இழுபட்டிருக்கிறது

குவியத்தூரம் எவ்வளவோ, அதன் தலைகீழ்தான் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்பது பழைய விதி. 135 லென்ஸைச் சிறு உணரியுள்ள கமெராவில் போட்டால் அது 200போல் நடந்துகொள்ளும். ஆகவே 1/200 செக்கன். இன்றைய நுணுக்கமான உணரிகளுக்கு அதை இரட்டித்து 1/400 என்று வைப்பது பாதுகாப்பு.

மண்டபத்துக்குள் அவ்வளவு வெளிச்சம் இல்லையே என்பார்கள். ஐ.எஸ்.ஓ.வை, அதாவது உணரியின் ஒளி உணர்திறனை, உயர்த்துங்கள். மணல்போன்ற புள்ளிகள் விழும் என்று பயந்து 1/60க்கு இறங்குவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. புள்ளி விழுந்த படத்தைத் தாய்தகப்பன் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். இழுபட்ட படத்தை யாரும் மாட்டுவதில்லை.

ஆட்டத் தடுப்பு உள்ள லென்ஸ் என்றால் உங்கள் கை ஆட்டம் குறையும், எதிரில் இருப்பவரின் அசைவு குறையாது. அரங்கேற்ற மேடையில் இதைத் தெளிவாகக் காணலாம்: 1/125இல் பிள்ளையின் ஒட்டியாணம் கூர்மையாக நிற்கும், முத்திரை பிடித்த விரல்கள் ஆவியாகப் போயிருக்கும். ஜதிக்கு 1/500க்குக் கீழே இறங்காதீர்கள். அல்லது அடவு முடிந்து உடல் ஒரு கணம் நிற்கும் இடத்தைக் காதால் கேட்டுப் பிடியுங்கள். மிருதங்கம் அதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

முக்காலியில் வைத்தும் ஆடினால், பழைய லென்ஸ்களில் ஆட்டத் தடுப்பை நிறுத்திப் பாருங்கள். அசையாத கமெராவில் சில பழைய பொறிகள் தாமே அசைவை உண்டாக்கும். 300, 400 போன்ற பெரிய லென்ஸ்களை அவற்றின் கழுத்து வளையத்தில்தான் முக்காலியோடு பொருத்த வேண்டும், கமெராவின் அடியில் அல்ல. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடற்கரையில் நின்றால், வெயில் மறைக்க முன்னால் மாட்டும் அந்த அகன்ற குழல் (லென்ஸ் ஹூட்) பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். வெயில் நேரே விழவில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

குவியம் முன்னும் பின்னும் ஓடி நிற்க மறுக்கிறது

தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறையில் பட்டங்களை எடுத்தவர்களுக்கு இது தெரியும். வெறும் நீல வானத்தில் சதுரம் விழுந்தவுடன் லென்ஸ் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஓடும். அது திரும்பி வருவதற்குள் பட்டம் சட்டத்தை விட்டுப் போய்விடும். லென்ஸின் பக்கத்திலுள்ள தூரக் கட்டுப்பாட்டு ஆளியைப் பாருங்கள். கெனனின் 135 எஃப் 2இல் 0.9 மீற்றர் முதல், 1.6 மீற்றர் முதல் என இரண்டு நிலைகள் இருக்கின்றன. தூரப் பொருளுக்கு இரண்டாவதைப் போட்டால் ஓட வேண்டிய தூரம் குறையும். பட்டம் பறக்கும் தூரத்திலுள்ள ஒரு பனை உச்சியில் முன்கூட்டியே குவித்துவிட்டு, பிறகு வானத்துக்குத் திருப்புவது இன்னும் நல்லது.

இதன் மறுபக்கமும் உண்டு. "கிட்டே போனால் லென்ஸ் குவிக்கவே இல்லை" என்று வருபவர்களில் பலர், அந்த ஆளியைத் தூர நிலையில் மறந்து விட்டவர்கள். ஆளியே இல்லாத லென்ஸ் என்றால் மிகக் குறைந்த தூரத்தை மீறிவிட்டீர்கள். கெனன் 85 எஃப் 1.8க்கு அது 0.85 மீற்றர், நிக்கோன் 85 எஃப் 1.8ஜிக்கு 0.8 மீற்றர். மோதிரத்தையும் மருதாணிக் கையையும் கிட்டப்போய் எடுக்கும் லென்ஸ் இது அல்ல.

யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெருஞ்சமர்' கிரிக்கெட் போட்டியை 300 எஃப் 2.8 கொண்டு எல்லைக்கோட்டிலிருந்து எடுப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. 70 மீற்றர் தூரத்தில் அந்த லென்ஸ் முழுத் திறப்பிலும் ஏறத்தாழ 9 மீற்றர் ஆழத்தைக் கூர்மையாக வைத்திருக்கும். ஆகவே துடுப்பாட்டக்காரர் மங்கினால் ஆழம் போதாததல்ல காரணம். குறுக்கே ஓடிய களத்தடுப்பாளரிடம் குவியம் தாவியிருக்கிறது. தொடர் குவியத்தின் உணர்திறனை மந்தமாக்கி, குவியத்தைக் கமெராவின் பின்பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆள் குறுக்கிட்டதும் பெருவிரலை எடுத்துவிட்டால் குவியம் இருந்த இடத்திலேயே நிற்கும்.

மத்தியான வெயிலில் படம் வெளுத்துப் போகிறது

கணக்குத்தான் காரணம். தெளிந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16க்கு 1/100 செக்கன் போதும். எஃப் 1.4 அதிலிருந்து ஏழு படி அகலம், ஒவ்வொரு படியிலும் ஒளி இரட்டிக்கும். 1/12,800 வேண்டும். கமெராவோ 1/4000 அல்லது 1/8000இல் நின்றுவிடும். மூன்று படி குறைக்கும் சாம்பல் வடிகட்டி (என்.டி. ஃபில்டர்) ஒன்றை மாட்டினால் 1/1600க்கு வந்துவிடலாம். அது கையில் இல்லையென்றால் மாமர நிழலுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். முகத்துக்கும் அதுதான் நல்லது.

ஓரங்களில் ஊதாவும் பச்சையும்

வெள்ளி வேட்டியின் கரையிலும், குத்துவிளக்கின் விளிம்பிலும், வானத்தை ஒட்டிய பனையோலையிலும் தெரியும். குவியத்துக்கு முன்னால் உள்ளவை ஊதாச் சாயலும், பின்னால் உள்ளவை பச்சைச் சாயலும் கொண்டிருந்தால், நிறங்கள் ஒரே தளத்தில் சேரவில்லை என்று பொருள். பழைய அகலத் துளை லென்ஸ்களின் பிறவிக்குணம் இது. 1992இல் வந்த கெனன் 85 எஃப் 1.8இல் நன்றாகத் தெரியும். சொனி 2019இல் வெளியிட்ட 135 எஃப் 1.8 போன்ற புதியவற்றில் மிகக் குறைவு. எஃப் 2.8க்கு மூடினால் பெரும்பகுதி மறையும், மிச்சத்தை மென்பொருளில் எடுக்கலாம். இதற்காக லென்ஸை மாற்றுங்கள் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

பின்னால் உள்ள விளக்குகளின் வடிவம் கெட்டிருக்கிறது

நல்லூர்த் திருவிழா இரவு. வீதியெங்கும் மின்குமிழ்ச் சரங்கள். நடுவில் வட்டமாக விழும் ஒளிப்பந்துகள் மூலைக்குப் போகப் போக எலுமிச்சங்காயாக நீள்கின்றன என்றால், லென்ஸின் குழல் சாய்வாக வரும் ஒளியை வெட்டுகிறது. எல்லா அகலத் துளை லென்ஸிலும் ஓரளவு இருக்கும். எஃப் 2.8இல் வட்டமாகிவிடும். அவை சுழல்வதுபோன்ற அந்தத் தோற்றம் சிலருக்குப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும்.

பந்துகளின் மேற்பகுதியோ கீழ்ப்பகுதியோ கத்தியால் சீவியதுபோல் நேராக வெட்டுண்டிருந்தால் அது வேறு. மிரர்லெஸ் கமெராக்களில் ஷட்டரின் முன்திரையை மின்னணு முறையில் திறக்கும் ஒரு வசதி இருக்கிறது. அகலத் துளையோடு 1/2000 போன்ற வேகத்துக்குப் போனால் அது ஒளிப்பந்தை இப்படி வெட்டும். பட்டியலுக்குள் போய் முழு இயந்திர ஷட்டருக்கு மாற்றுங்கள். இந்த ஒரு அறிகுறிக்காக லென்ஸை விற்றுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். புது லென்ஸிலும் அதே வெட்டு வந்தது.

படத்தில் கிடையாக இருண்ட பட்டைகள் விழுந்தால் லென்ஸைத் தொடவே வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல எல்.ஈ.டி. விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. 1/50 அல்லது 1/100இல் எடுங்கள், அல்லது கமெராவின் மினுக்கத் தடுப்பைப் போடுங்கள்.

கற்பூர ஆரத்திப் படத்தில், சுவாலைக்கு எதிர்ப்பக்கத்தில் தலைகீழாக இன்னொரு சுவாலை மிதந்தால், முன்னால் மாட்டிய மலிவான கண்ணாடி வடிகட்டியைக் கழற்றுங்கள். உணரியில் பட்டுத் திரும்பும் ஒளி அதில் மோதி மீண்டும் உள்ளே வருகிறது.

பால் ஊற்றியதுபோல் வெளுப்பு

இதை அவசரமின்றிப் படியுங்கள். நம் ஊரில் லென்ஸ் உண்மையாகவே சாவது பெரும்பாலும் இதனால்தான்.

நிழலில் எடுத்த படம் சரி. வெளிச்சத்தை எதிர்கொண்டு எடுத்தால் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாகிறது. முதலில் முன்கண்ணாடியில் கைரேகை, உப்புப் படலம் இருக்கிறதா பாருங்கள். காங்கேசன்துறையிலோ பருத்தித்துறையிலோ கரையில் நின்று எடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் உப்பு படியும். ஊதுகுமிழால் மணலை ஊதிவிட்ட பிறகே துடையுங்கள். மணலோடு துடைத்தால் பூச்சில் கீறல் விழும். உடலையும் பொருத்தும் வளையத்தையும் சற்று ஈரமான துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள்.

ஏ.சி. அறையில் மணப்பெண் அலங்காரத்தை எடுத்துவிட்டு வெளியே வந்தவுடன் கண்ணாடி பனித்துப் போவது பழுதல்ல. அப்போது துடைக்கவும் வேண்டாம், லென்ஸைக் கழற்றவும் வேண்டாம். வெளியே வருவதற்கு முன் கமெராவைப் பைக்குள் வைத்து மூடி, அரை மணித்தியாலம் வெளிச் சூட்டுக்குப் பழக விடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இருட்டறைக்குள் போங்கள். இரு பக்க மூடிகளையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ரோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். சிறு தூசிகள் தெரியும். அவற்றால் படத்துக்குக் கெடுதி இல்லை. விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல், கிளை பிரிந்து, வெண்மையாக ஏதாவது ஊர்ந்தால் அது பூஞ்சணம்.

1995 ஒக்டோபரில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு எல்லோரும் வெளியேறியபோது, என் தகப்பனார் தன் 135 லென்ஸை அலுமாரியில், தோல் உறைக்குள், சேலைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். பத்திரமான இடம் என்று நினைத்தார். ஒரு மாரி முழுவதும் அது அங்கே கிடந்தது. திரும்பி வந்து உறையைத் திறந்தபோது வெளியே ஒரு கீறலும் இல்லை. முற்றத்து வெயிலுக்கு நேரே அவர் அதைப் பிடித்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். உள்வில்லை ஒன்றில், புல் வேர் பிடித்ததுபோல், ஓரம் முழுக்க வெள்ளை நூல்கள். அதன்பின் பூஞ்சணத்தைக் கழுவியும் பார்த்தார்கள். நூல் போனது, அது போன தடம் கண்ணாடியில் நின்றது. பூஞ்சணம் சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். அரித்த தடத்தை யாராலும் எடுக்க முடியாது.

தோல், துணி, இருட்டு, அசையாத காற்று, ஈரம்: பூஞ்சணத்துக்கு வேண்டிய எல்லாம் அலுமாரியில் இருக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை நம் வீடுகளில் ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேலேயே நிற்கும். லென்ஸுக்கு 40 முதல் 50 வீதம் நல்லது. உலர்பெட்டி வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, சிறிய ஈரமானி ஒன்று, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கொஞ்சம் போதும். ஜெல்லின் நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்ப வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசி மாவு இடுக்குகளுக்குள் போகும், ஈரத்தையும் போதிய அளவு எடுக்காது. எல்லாவற்றையும்விட, கிழமைக்கு ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் பாவியுங்கள்.

விளிம்பில் சிறு நூல் மட்டும் கண்டால், தயங்காமல் உடனே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள். பாதிக்கப்பட்ட லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கவும் வேண்டாம்.

தூரத்துப் பறவை நெளிகிறது

பண்ணைப் பாலத்திலோ அராலிப் பக்கமோ நின்று, காலை பத்தரைக்குப் பிறகு பூநாரைகளை எடுத்தால் கால்கள் நீருக்குள் நெளிவதுபோல் இருக்கும். ஒவ்வொரு படத்திலும் நெளிவு வேறு வேறாக இருந்தால் அது கானல். சூடான நீர்ப்பரப்பின் மேல் காற்று கொதிக்கிறது. எந்த லென்ஸும் எந்த விலைக்கும் அதைத் தாண்டிப் பார்க்காது. லென்ஸுக்கும் கமெராவுக்கும் இடையே 1.4 மடங்கு, இரண்டு மடங்கு பெருக்கியைப் போட்டால் நெளிவும் சேர்ந்து பெருகும். விடியும்போது போங்கள், அல்லது கிட்டே போங்கள்.

லென்ஸ் பேசாமல் கிடக்கிறது

கெனனில் பிழை எண் 01 வந்தால் கமெராவும் லென்ஸும் ஒன்றோடொன்று பேசவில்லை. கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளைச் சுத்தமான துணியால் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். கடற்கரைக்குப் போய்வந்த லென்ஸ்களில் பெரும்பாலும் இதோடு சரியாகும். பழைய நிக்கோன் டி வகை லென்ஸை மாட்டியதும் எஃப்-ஈ-ஈ என்ற எழுத்துகள் மினுங்கினால், துளை வளையத்தை மிகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டுங்கள். அதே டி வகை 85 எஃப் 1.8ஓ 180 எஃப் 2.8ஓ டி 3000, டி 5000 வரிசைக் கமெராக்களில் தானாகக் குவிக்காது. லென்ஸுக்குள் மோட்டோர் இல்லை, அந்தக் கமெராக்களுக்குள்ளும் இல்லை. பாவித்த லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

கமெராவை நிறுத்திவிட்டு அசைத்தால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கிறதா? ஆட்டத் தடுப்புள்ள லென்ஸ்களிலும் நேர்கோட்டு மோட்டோர் உள்ள புதிய லென்ஸ்களிலும் மின்சாரம் இல்லாதபோது உள்வில்லைகள் தளர்ந்து கிடக்கும். கமெராவை இயக்கியதும் சத்தம் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை.

முழுத் திறப்பில் சரியான வெளிச்சம், எஃப் 8இல் மட்டும் படம் வெளுக்கிறது என்றால் துளை இதழ்களில் எண்ணெய் கசிந்து, அவை மெதுவாக மூடுகின்றன. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வைத்த பழைய லென்ஸ்களுக்கு இது வரும். இதுவும் பழுதுபார்ப்பவரின் வேலை.

ஒரு பக்கம் மட்டும் மங்கல்

கடைசியாக, மெய்யான பழுது. லென்ஸ் விழுந்திருக்கும், அல்லது பஸ்ஸில் அடிபட்டிருக்கும். ஒரு வில்லை மையத்திலிருந்து விலகியிருக்கும். தூரத்து அடிவானத்தை முழுத் திறப்பில் இரண்டு தடவை எடுங்கள், இரண்டாவது தடவை கமெராவைத் தலைகீழாகத் திருப்பி. இரண்டு படத்திலும் லென்ஸின் அதே பக்கம் மங்கினால் சந்தேகம் உறுதி. இன்னொரு சோதனை: இரவில் தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை நடுவில் வைத்துக் குவியத்தைக் கலையுங்கள். ஒளித்தட்டு எல்லாப் பக்கமும் ஒரேபோல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்திருந்தால் வில்லை விலகிவிட்டது. அளவுக் கருவி இல்லாமல் இதைத் திருத்த முடியாது.

இப்போது கொழும்புக்கு அனுப்பலாம். டி.எஸ்.எல்.ஆர். என்றால் கமெராவையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் ஒன்றாகத்தான் அளக்க வேண்டும். இரு பக்க மூடிகளையும் போட்டு, குமிழ்த்தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியைக் குலுக்கினாலும் உள்ளே அசையாதபடி நிரப்புங்கள். சோதனைப் படங்களைத் திருத்தம் எதுவும் செய்யாமல் ஒரு நினைவட்டையில் போட்டு, எந்தத் துளையில், எந்தத் தூரத்தில், எந்தப் பக்கம் மங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி மேலே வையுங்கள். லென்ஸின் தொடர் எண்ணை உங்கள் கொப்பியிலும் குறித்துக்கொள்ளுங்கள்.